கடிகாரத்தின் பக்கத்தில் காணாமல் போன கேடயம்

என் கணினியின் வலது மூலையில், கடிகாரத்தை ஒட்டி நான்கு சின்னங்கள் இருக்கும். தினமும் எண்ணிப் பார்ப்பேன். அன்று மூன்றுதான் இருந்தன. வைரஸ் தடுப்பின் கேடயச் சின்னத்தைக் காணோம்.

கும்மிடிப்பூண்டி இரும்பாலை விபத்தில் இறந்துபோன எங்கள் மகனின் பதினோரு வீடியோக்களும் அந்தக் கணினியில்தான் இருந்தன. வைரஸ் அவற்றை அழித்துவிடுமே என்று பதறி, திருநின்றவூர் கடைவீதியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன்.

"சுத்தமா தொடச்சிடட்டா சார்?" என்றார்.

வைரஸைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "தொடச்சிடுப்பா" என்றேன்.

எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி முடித்தார். அப்போதும் கேடயம் தெரியவில்லை. கேட்டதற்கு, கடிகாரத்தின் பக்கத்தில் இருந்த சிறிய அம்புக்குறியை அழுத்தினார். கேடயம் உள்ளே இருந்தது.

"இங்கதான் சார் ஒளிஞ்சிகினு இருக்குது. மின்னாடியும் இங்கயேதான் இருந்திருக்கும். இதுக்கா இம்மாம் பேஜாரு?" என்று சிரித்தார்.

என் மனைவி வந்து உட்கார்ந்தாள். "புள்ள வீடியோவப் போடுங்க."

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. "வேற எதுலயும் காப்பி வெக்கலியா சார்?"

அவள் என்னைத் திட்டவில்லை. பிறகொரு நாள், "அவன் 'எம்மா'ன்னு எப்படிக் கூப்புடுவான், ஒரு தபா சொல்லிக் காட்டுங்க" என்று கேட்டாள். சொல்லிப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது.

வைரஸே வந்திருந்தாலும் ஒரு வீடியோவையாவது விட்டு வைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.