சில்லில் வைத்த சந்தனம்

மகளுக்கு எட்டு வயதான பனிக்காலத்தில், சாரணர் குழுவிலிருந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சில்லுகள், அவை சுற்ற அச்சாக நான்கு ஆணிகள். பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து கார் செய்து, சரிவான தடத்தில் ஓடவிட வேண்டும். அதுதான் போட்டி.

பெட்டியைப் பார்த்ததும் மனைவி சொன்னாள்: "பிள்ளை உங்களோட கதைக்கிறதே குறைஞ்சுபோச்சு. வீட்டில வாடகைக்கு இருக்கிற ஆளைப் பாக்கிற மாதிரித்தான் உங்களைப் பாக்கிறாள். இதையாவது அவளோட இருந்து செய்யுங்கோ."

அவள் சொன்னது உண்மை. ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு பட்டறையில் எனக்கு லேத் வேலை. வீடு இருக்கிற கர்க்லாண்டிலிருந்து போய், பாலத்து நெரிசலில் நின்று திரும்பி வர, மகள் சாப்பிட்டு முடித்திருப்பாள். ஓம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் என் மண்டைக்குள் ஏறியது சில்லு மட்டும்தான்.

விதிமுறைத் தாள் பிரெஞ்சில் இருந்தது. மகள்தான் எனக்கு வாசித்துச் சொன்னாள். சில்லின் அகலத்தைக் குறைக்கக் கூடாது. விளிம்பைக் கூராக்கக் கூடாது. நிறையைக் குறைக்கத் துளைபோடக் கூடாது. வார்ப்பில் எழும்பிய மெல்லிய வரம்பை மட்டும் தேய்த்து எடுக்கலாம். சில்லு இலகுவாகச் சுற்ற எண்ணெய் விடக் கூடாது, கிராஃபைட் தூள் போடலாம்.

"அப்ப நான் தேய்க்கவா?" என்று கேட்டாள்.

"பொறு, பேந்து தாறன்" என்றேன்.

அந்தப் பேந்து வரவேயில்லை. பேஸ்மென்டில் சில்லை ட்றில்லில் மாட்டிச் சுற்றவிட்டு, நனைத்த சாண்ட்பேப்பரை வைத்தும் வைக்காமலும் பிடித்தேன். ஒவ்வொரு முறையும் வேர்னியரால் அளந்தேன். வரம்பு போனது, அகலம் விதிக்குள் நின்றது. துவாரத்துக்குள் கிராஃபைட் தூள் போட்டு, ஆணியில் கோத்துத் தட்டிவிட்டால் சில்லு நிற்க மனமில்லாமல் சுற்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பல வருடத்துக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன். மகள் முதல் நாள் பக்கத்தில் நின்றாள். அடுத்த நாள் படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு வரவில்லை. கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு சில்லு பழுதானால் மாற்றுச் சில்லு கிடையாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

போட்டி ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. காரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பரிசோதகரின் மேசையில் வைத்தபோதுதான் கண்டேன். நான்கு சில்லிலும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

"இதை ஆர் வைச்சது?"

"நான்தான். புதுக் கார் எல்லோ அப்பா."

எங்கள் வீட்டுக்குக் கார் வாங்கியபோது, சந்தனம் வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கி ஓட்டியதைப் பார்த்தவள். காலையில் சாமி அறையிலிருந்து சந்தனம் எடுத்திருக்கிறாள்.

பரிசோதகர் ஒரு கியூபெக் கிழவர். அலங்காரத்துக்குத் தடையில்லை, எண்ணெய்தான் கூடாது, கார் தேறிவிட்டது என்று சிரித்தபடி சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள். நான் மற்றத் தகப்பன்மாரைப் பார்த்தேன். பொட்டின் பாரத்தால் சில்லு தள்ளாடும் என்று நினைத்தேன் என்பது பாதி உண்மை. மீதி, வெட்கம்.

"ஆர் உன்னை இதில கை வைக்கச் சொன்னது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். கிழவரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, கழிவறைக்குக் கொண்டுபோய் ஈரக் கடதாசியால் துடைத்தேன். காய்ந்திருந்த சந்தனம் கரைந்து ஆணித் துவாரத்துக்குள் இறங்கியது. உள்ளே கிராஃபைட் தூளோடு சேர்ந்து பசையானது. இருபது வருடம் இயந்திரத்தோடு வாழ்கிறவனுக்கு அது தெரியாமல் போனது.

கார் தடத்தின் பாதியில் நின்றுவிட்டது. பக்கத்துத் தடங்களில் பிள்ளைகள் செய்த கோணல் கார்கள் கடகடவென்று போய்ச் சேர்ந்தன. ஒரு தொண்டர் விரலால் எங்கள் காரைத் தள்ளிவிட்டார். மகள் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கியிருப்பேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா பிழை விட்டிட்டன் அம்மா" என்று மகளிடம் சொன்னேன். தலையாட்டினாள். அன்றைக்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த பனிக்காலமும் பெட்டி வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். சேர்ந்து செய்வோம், நீதான் தேய்க்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இந்தாங்கோ அப்பா, உங்கட கார் வந்திருக்கு" என்றாள்.

அதில் கோபமே இல்லை. வந்த கடிதத்தைக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு, மேலே தன் அறைக்குப் போனாள்.