கண்ணாடி இல்லாத கமரா

என் கணவர் காலையில் பல் தீட்டுவதற்கு முன்னமே வதந்தி பார்ப்பார். நாட்டு நிலவரமோ ஊர் வம்போ அல்ல. இன்னும் பிறக்காத ஒரு கமராவைப் பற்றிய வதந்தி. அதைச் செய்கிற கம்பனி வாயே திறக்காது. ஆனால் உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் அது எப்படி இருக்கும், என்ன விலை வரும் என்று கிழமைக்கு நாலு வீடியோ போடுவார்கள். இவர் கிணற்றடியில் நின்று அதைப் பார்த்து முடிக்க, கையில் இருக்கிற பிரஷில் பற்பசை காய்ந்துவிடும்.

நாங்கள் முல்லைத்தீவில் ஒரு சின்ன ஸ்ரூடியோ வைத்திருக்கிறோம். படம் பிடிப்பது நான். கணினியில் இருந்து அல்பம் செய்வது அவர். கலியாண வீட்டில் கமராப் பையோடு நான் முதலில் இறங்கினாலும், "தம்பி எங்க, படம் பிடிக்க வரேல்லையோ?" என்றுதான் கேட்பார்கள். ஆரம்பத்தில் கோபம் வரும். இப்போதும் வரும், சிரித்துக்கொண்டு வரும்.

எங்களுடைய கமரா பழைய வகை. உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. பொத்தானை அமத்தினால் அது மேலெழுந்து 'டக்' என்று அடிக்கும். புதிய வகையில் அந்தக் கண்ணாடி இல்லை, வேண்டாமென்றால் சத்தமும் இல்லை. அப்படிப்பட்டவை கடைக்கு வந்து பல வருடமாகிவிட்டது. வவுனியாவில் ஒன்றைக் கையில் தூக்கியும் பார்த்திருக்கிறேன், வைக்க மனமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன். இவர் காத்திருந்தது அந்தக் குடும்பத்தின் தலைமகனுக்கு.

ஒருநாள் குசினிக்குள் ஓடி வந்தார்.

"இஞ்சேரும், அமத்த முன்னமே எடுக்குமாம்!"

"என்னத்தை?"

"படத்தைத்தான். நீர் பொத்தானை அமத்த ஒரு செக்கனுக்கு முன்னம் நடந்ததும் உள்ளுக்க இருக்குமாம்."

"இது கமராவோ, சாத்திரியோ?"

வாய்தான் அப்படிச் சொன்னது. மனம் அப்படியே நின்றுவிட்டது. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அந்த வீடியோவை நானும் பார்த்தேன். கண் இமைக்கிற நேரத்துக்குள் பத்துப் படம் எடுக்குமாம். இருட்டில் நிற்கிறவரின் கண்மணியைத் தானே தேடிப் பிடிக்குமாம். இத்தனை வருடத்தில் எத்தனை ஒரு செக்கன்கள் என் கையை விட்டுப் போயின! தாலி ஏறுகிற நேரம் பார்த்துக் குறுக்கே நீண்ட மாமன்மாரின் தலைகளை மட்டும் சேர்த்தால் ஒரு தனி அல்பம் போடலாம். போன செக்கனைத் திருப்பித் தருகிற ஒரு பொருளை மனிதர்கள் செய்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அன்றிலிருந்து வதந்தி பார்ப்பவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

தை மாதத்தில் நாயாற்றில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள். ஈஸ்டர் முடிந்ததும் கலியாணம், விசா சரிவந்ததும் பிரான்சுக்குப் போய்விடுவாள். விலைப் பட்டியலை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. தன் போனில் இருந்து பத்துப் பன்னிரண்டு படங்களை எனக்குக் காட்டினாள். எல்லாவற்றிலும் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதர். எல்லாவற்றிலும் அவர் கண் இறுக்கி மூடியிருந்தது.

"அப்பா. ஆரும் படம் எடுத்தால் கண்ணை மூடிப்போடுவார். அடையாள அட்டைப் படத்திலயும் அரைக்கண்தான். எனக்கு அப்பான்ர கண் திறந்த படம் ஒண்டு வேணும் அக்கா. அல்பத்தில வேற ஒண்டும் இல்லாட்டிலும் பரவாயில்லை."

பழைய படங்கள் ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. போரில் வீட்டோடு படங்களும் போன இந்தப் பக்கத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை.

அடுத்த கிழமை அவரையே கூட்டி வந்தாள். கண் மங்கியதால் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, களப்புக் கரையில் கிழிந்த வலை பொத்துகிற மனிதர். கதிரையில் இருத்தி, கதை குடுத்து, மீன் விலை கேட்டு, சிரிக்கவும் வைத்தேன். அதுவரை கண் நன்றாகத் திறந்திருக்கும். நான் அமத்துகிற அந்தக் கணத்தில் தோள் இரண்டும் ஏறும், கண் பூட்டிக்கொள்ளும். முப்பது படம் எடுத்தேன், முப்பதும் அப்படித்தான். வீடியோ எடுத்து அதிலிருந்து ஒன்றை வெட்டலாம் என்று பார்த்தோம். தொடங்கியதிலிருந்து இமை துடித்துக்கொண்டே இருந்தது. கரையில் களவாக எடுத்தால் தலை குனிந்து வலைக்குள் இருக்கும் என்றாள் மகள். கமராவின் சத்தம்தான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை, நான் வேணுமெண்டு செய்யேல்லை" என்றார் அவர். முப்பது தரம் அவரைத் துன்பப்படுத்தியது நான், மன்னிப்புக் கேட்டது அவர். எனக்குப் பெரிய வெட்கமாகிப் போய்விட்டது.

அந்த வெட்கத்தில்தான் வாயை விட்டேன். "ஐயா, யோசிக்காதேங்கோ. கண்ணாடி இல்லாத கமரா ஒண்டு வரப்போகுது. சத்தமே இல்லை. நான் அமத்த முன்னமே எடுத்து முடிஞ்சிடும். நீங்கள் மூடினாலும் ஒண்டுதான், மூடாட்டிலும் ஒண்டுதான்."

மகளின் முகம் விரிந்தது. கணினிக்குப் பின்னால் இருந்து என் கணவர் எட்டிப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அவர்கள் போனதும் இவர் கேட்டார்: "உது என்ன விலை வரும் எண்டு உமக்குத் தெரியும்தானே?"

"ஆறாயிரம் டொலர் எண்டு ஒருத்தர் சொன்னவர்."

"இன்னொருத்தர் ஏழாயிரத்துக்கும் மேலயாம். இஞ்ச வந்து இறங்க வரியும் கடைக்காரன்ர லாபமும் சேர்ந்து இருபத்தஞ்சு இலட்சத்துக்குக் கிட்ட நிக்கும். ஸ்ரூடியோவை வித்தால் லென்ஸ் மூடி வாங்கலாம்."

"வாங்கவோ சொன்னனான்? வவுனியாவில ஆரேனும் வாங்குவினம். ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுப்பம்."

அதன்பிறகு அந்தக் கமரா எனக்கு விளையாட்டாக இருக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாசியில் வரும் என்றார்கள். பிறகு சித்திரை என்றார்கள். கமரா வருகிற பெட்டியின் படம் வெளியாகிவிட்டது என்று ஒருவர் துள்ளினார், அது பொய்ப்படம் என்று மற்றவர் சொன்னார். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து 'வருடக் கடைசியில்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். இலவு காத்த கிளியாக நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். கலியாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. அவளுக்குப் போன் எடுத்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கலியாணக் காலை பழைய கமராவோடுதான் நாயாற்றுக்குப் போனோம். வழி முழுக்க என்ன சொல்லுவது என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுக்குள் கால் வைக்க, விறாந்தையில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். முகத்தில் ஏதோ குறைந்திருந்தது.

"ஐயா, உங்கட கண்ணாடி எங்க?"

சேட்டுப் பொக்கற்றைத் தட்டிக் காட்டினார். "நீங்கள்தானே பிள்ளை சொன்னனீங்கள், கண்ணாடி இல்லாத கமரா எண்டு. கண்ணாடி போட்டால் அதுக்கு ஒத்துவராதாக்கும் எண்டு காலமையே கழட்டிப் போட்டன்."

என் கணவர் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய காலை மிதித்தேன்.

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அந்த நேரம் மணப்பெண் அறைக்குள் இருந்து வெளியே வந்து என் தோளடியில் நின்றாள். வெள்ளைச் சேலை, தலையில் வெள்ளை நெற் முக்காடு. தேவாலயத்துக்குப் போக முதல் அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தவள், நான் கமராவைத் தூக்குவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். கமராவைப் பார்த்ததும், அது அதே பழையதுதான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

கமராவுக்குள்ளால் பார்த்தேன். கண் திறந்திருந்தது. இப்போது மூடுவார் என்று காத்திருந்தேன். விரலை வைத்தேன், மூடவில்லை. மெல்ல அமத்தினேன், மூடவில்லை. 'டக்' என்றது. அதற்குப் பிறகுதான் தோள் ஏறிக் கண் மூடியது.

இத்தனை நாளும் அவர் பயந்தது சத்தத்துக்கு மட்டுமல்ல. என் விரலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அது அமத்தப் போவதைக் கண்டு முந்திக்கொண்டிருக்கிறார். கண்ணாடி இல்லாமல் என் விரல் அவருக்குத் தெரியவில்லை.

படத்தைத் திரையில் பெருப்பித்தேன். இளம் மண்ணிறக் கண்கள், ஓரத்தில் கடல் வெயில் குடித்த சிவப்பு. அகலத் திறந்து, அசையாமல், நிறைந்துபோய் இருந்தன. வராத அந்தக் கமராவை நினைத்து நான் வாய்பிளந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் இந்த ஒரு பார்வைக்குக் கிட்ட வராது. மகள் இரண்டு கையாலும் கமராவைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

"ஐயா," என்றேன், "அவ்வளவு வடிவா எதைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்?"

"கண்ணாடி இல்லாமல் எனக்கு என்ன பிள்ளை தெரியும்? உங்களுக்குப் பக்கத்தில வெள்ளையா ஒண்டு நிண்டுது. மகளாக்கும் எண்டு அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."