கடைசிக்கு முந்தின இடம்

பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்ட ஆரம்பித்து எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ரோட்டில் ஒரு வண்டியையும் நான் முந்தியதில்லை. டிராக்டர் போனால் டிராக்டருக்குப் பின்னால், தண்ணீர் லாரி போனால் தண்ணீர் லாரிக்குப் பின்னால். காலையில் ஊர் ஊராக நின்று முப்பது பெண்களை ஏற்றி, தாயில்பட்டிப் பக்கம் இருக்கும் கம்பெனியில் இறக்க வேண்டும். சாயங்காலம் அதே முப்பது பேரையும் அவரவர் ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எண்ணிக்கை குறையாமல் சேர்த்துவிட்டேன் என்றால் அன்றைக்கு என் வேலை முடிந்தது. இந்தக் கணக்கை நான் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அந்த முப்பது பேரும் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அண்ணே, இறங்கித் தள்ளணுமா?" என்பார்கள். "அண்ணே, பின்னால ஒரு ஆட்டு மந்தை வருது, வழி விடுங்க" என்பார்கள். இந்தக் கூட்டத்துக்குத் தலைவி என் பெண்டாட்டி. அதே கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றும் வேலை அவளுக்கு. வேனில் எனக்கு நேர் பின் சீட்டு அவளுடையது. யார் கேலியை ஆரம்பித்தாலும் முடித்து வைக்கிறவள் அவள்தான்.

"இதுக்கே சலிச்சுக்கிறீகளே. எங்க கல்யாணத்தன்னைக்கு முகூர்த்தத்துக்கு அஞ்சு நிமிசம் இருக்கையிலதான் மாப்பிள்ளை வண்டியே வந்துச்சு. ஓட்டிட்டு வந்தது இவுகதான்."

அது உண்மை. மறுக்க முடியாது.

அவளோ எதிலும் முந்தி நிற்கிறவள். கம்பெனியில் மாதம் ஒரு தடவை வெடிவிபத்து ஒத்திகை நடக்கும். மணி அடித்தால் என்ன ஏது என்று பார்க்கக் கூடாது, செருப்பைத் தேடக் கூடாது. கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வேலியோரத்து வேப்பமரத்தடிக்கு ஓட வேண்டும். எல்லா ஒத்திகையிலும் முதல் ஆளாக வேப்பமரத்தைத் தொடுவது அவள்தான். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது ஒத்திகையோடு நிற்பதும் இல்லை, உடம்பிலேயே ஊறிப்போன விஷயம். ஒருமுறை சிவகாசி பஸ் ஸ்டாண்டில் லாரி டயர் ஒன்று வெடித்தது. நான் என்னவென்று திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த நொடியில் நானும் அங்கேதான் இருந்தேன். மற்ற ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இப்படிப்பட்ட நான் கார் பந்தயத்தில் ஓட்டினேன் என்றால் நம்ப மாட்டீர்கள். அதற்குக் காரணம் விருதுநகரில் பேப்பர் வியாபாரம் செய்யும் ஒரு பாய். அவருடைய அத்தா வைத்திருந்த பழைய கார் ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது. வட்ட மூக்கு, பால்கோவா நிறம், கதவைச் சாத்தினால் பீரோ சாத்தின சத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அதைக் கழுவி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, மறுபடி மூடி வைத்துவிட்டு வருவேன். கம்பெனி வேனில் ஆறு நாளும் டீசல் வாசனை பிடித்த மூக்குக்கு அந்தக் காரின் பழைய தோல் சீட்டு வாசனை தனி சந்தோஷம்.

காரியாபட்டிப் பக்கம் யாரோ நிலத்தை வாங்கி, தார் ரோடு போட்டு, ஆர்ச் கட்டி, மனைக்கல் நட்டு வைத்திருந்தார்கள். மனை எதுவும் விற்கவில்லை. அந்த ரோடுகளில் பழைய கார்களுக்கென்று சனி, ஞாயிறு இரண்டு நாள் பந்தயம் வைத்தார்கள். மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் கார்கள் வந்தன. பாய்தான் ஓட்டுவதாக இருந்தது. ஒரு வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி, மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, நீங்களே ஓட்டிருங்க" என்றார்.

"எனக்கு வேகம் வராது பாய்."

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடுறேன். ஜெயிக்கிறதெல்லாம் எனக்கு வேண்டாம். ஒரு கீறல் விழாம வண்டி வீட்டுக்கு வரணும். அதுக்கு உங்களை விட்டா இந்த ஜில்லாவுல ஆள் கிடையாது."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, வேறு மாதிரி எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். அன்றைக்கு ஓட்டிப் பார்ப்பது மட்டும்தான். ஆர்ச்சில் கிளம்பி, நேர் ரோட்டில் போய், இரண்டாம் குறுக்குத் தெருவில் திரும்பி, 'பூங்காவுக்கான இடம்' என்று பலகை வைத்த வளைவைச் சுற்றி, மறுபடி ஆர்ச்சுக்கு வர வேண்டும். வளைவுகளில் வைக்கோல் கட்டு அடுக்கியிருந்தார்கள். நானும் என் பாட்டுக்கு நிதானமாகப் போனேன். பூங்கா வளைவில் வேகம் குறைப்பதற்காக ஆக்சிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தேன். காருக்கு அடியில் 'டமார்' என்று ஒரு வெடி.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. சாவியைத் திருப்பினேன், கதவைத் திறந்தேன், ஓடினேன். அறுபத்து நாலாம் நம்பர் மனைக்கல்லுக்கு வந்துதான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் கார் தன்னந்தனியாக ஊர்ந்து போய், வைக்கோல் கட்டில் மூக்கைச் சாய்த்து நின்றது. சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கீறல் விழவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

கொடி காட்டுகிறவர் வந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னொரு தடவை ஓடுற வண்டியை விட்டு இறங்கி ஓடினா உங்க வண்டியைப் பந்தயத்துல இருந்து எடுத்துருவோம்" என்றார். பாய் மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "அவுக தாயில்பட்டிக் கம்பெனி ஆளுக, பழக்கம் அப்படி" என்று எனக்காகப் பேசினார்.

பாயின் மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தான். சைலன்சர் இணைப்பில் காற்றுக் கசிகிறதாம். காலைச் சட்டென்று எடுத்தால் எரியாத பெட்ரோல் உள்ளே போய்ச் சைலன்சரில் வெடிக்குமாம். காருக்கும் ஆளுக்கும் ஒன்றும் ஆகாது, சத்தம் மட்டும்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை இருக்காது. பந்தயத்துக்குள் அதை மாற்ற வழியில்லை.

"அப்ப நான் என்னலே செய்ய?"

"காலை மெதுவா எடுங்க. வளைவுல எடுக்காம இருந்தா இன்னும் நல்லது. அழுத்தியே வச்சிருந்தா வெடிக்காது."

எனக்கு வந்த சோதனையைப் பாருங்கள். வெடிச் சத்தத்துக்குப் பயந்தவன் வேகமாகப் போக வேண்டும். வேகத்துக்குப் பயந்தவன் வெடிச் சத்தத்தைக் கேட்க வேண்டும். நானோ இரண்டுக்கும் பயந்தவன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு, "நாளைக்கு ஓடாதீக" என்றாள்.

"சத்தம் கேட்டா காலு தன்னால ஓடுதே, நான் என்ன செய்ய?"

"ஓடாதீக. உக்காந்து ஓட்டுங்க. ஒருத்தனையாச்சும் முந்துங்க. இத்தனை வருசமா உங்க முதுகையும், முன்னால போற வண்டியையும்தான் பாத்துட்டு இருக்கேன். நீங்க முந்துறதை ஒரு தடவை பாத்துக்கிறேன்."

அவள் கேலி செய்யவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. அது எனக்குப் பெரிய சங்கடமாகப் போய்விட்டது. கேலி என்றால் நானும் சிரித்துக் கழித்துவிடுவேன். இப்படிக் கேட்டுவிட்டால் மனுஷன் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. மாற்று டிரைவர் வேனை எடுக்க, முப்பது பேரும் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். எலுமிச்சம் சாதம், துவையல், தண்ணீர்க் கேன், விரிக்கப் பாய் எல்லாம் இருந்தது. திருச்செந்தூருக்குக் கிளம்பின கூட்டம் போல இருந்தது. பூங்கா வளைவுக்கு எதிரே இருந்த மண்மேட்டைப் பிடித்துக்கொண்டு, செருப்பை வரிசையாகக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். கிளம்பும் முன் அந்தப் பக்கம் போனேன். "அண்ணே, நாங்க இருக்கோம், பயப்படாம போங்க" என்றார்கள். என் பெண்டாட்டி தலையை மட்டும் ஆட்டினாள்.

மொத்தம் ஆறு கார்கள், எட்டுச் சுற்று. கொடி இறங்கியதும் ஐந்து கார்கள் கிளம்பின. ஆறாவதாக நான் கிளம்பினேன். முதல் சுற்றில் மேட்டைக் கடக்கும்போது, "அண்ணே, முன்னால டிராக்டர் எதுவும் இல்லண்ணே" என்று ஒரு குரல் கேட்டது. காலை மெதுவாக எடுத்து, மெதுவாக வைத்து, ஒரு வெடியும் இல்லாமல் வளைவைச் சுற்றினேன். இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காலை எடுப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பயத்தில்தான் குறைந்தது, ஆனால் கார் அதை வேகம் என்று எடுத்துக்கொண்டது. நேர் ரோட்டில் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்ப வைத்தது. மனைக்கல்லெல்லாம் சரசரவென்று பின்னால் போயின. நான் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பின்னால் யாரும் இல்லாத வண்டியை ஓட்டுகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எண்ணிச் சேர்க்க வேண்டிய ஆள் நான் ஒருவன்தான்.

ஆறாவது சுற்றில் எனக்கு முன்னால் ஒரு பச்சைக் கார் தெரிந்தது. மதுரைப் பல் டாக்டர் ஒருவருடைய கார். தோல் கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரும் என்னைப் போல நிதானஸ்தர்தான் என்று தெரிந்ததும் எனக்கு ஆசை வந்தது. ஏழாவது சுற்றில் அவருடைய பின்பக்கத்து விளக்கில் இருந்த விரிசல்கூடக் கண்ணில் பட்டது.

கடைசிச் சுற்று. பூங்கா வளைவுக்குள் நுழையும்போது அவர் இடதுபக்கம் ஒதுங்கினார். வலப்பக்கம் இடம் இருந்தது. ஒரு கார் போகிற அளவு, அவ்வளவுதான். பழைய பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. காலை வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

டமார். உடனே இன்னொரு டமார்.

என் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. பாதி உடம்பு சீட்டிலிருந்து எழும்பிவிட்டது. ஓடாதீக என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. கதவை விட்டேன். காலை ஆக்சிலேட்டரில் வைத்து, தரையைத் தொடுகிற வரை அழுத்தினேன். வெடி நின்றது. கார் ஒரு உறுமலோடு வலப்பக்கம் பாய்ந்தது. பச்சைக் காரின் கதவு, கண்ணாடி, டாக்டரின் கையுறை எல்லாம் எனக்குப் பக்கத்தில் வந்தன, பிறகு பின்னால் போயின. ஆர்ச்சைத் தாண்டினேன். ஆறு பேரில் ஐந்தாவது. கடைசிக்கு முந்தின இடம். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மெதுவாக இன்னொரு சுற்று வந்து மேட்டைப் பார்த்தேன். மேட்டில் கூட்டமே இல்லை. முப்பது ஜோடி செருப்பும், கவிழ்ந்த எலுமிச்சம் சாதமும், விரித்த பாயும் கிடந்தன. தூரத்தில், ஐந்நூறு அடி தள்ளி, கருவேல மரத்தடியில் இருபத்தொன்பது பேரும் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார்கள். முதல் வெடியிலேயே ஓடிவிட்டார்கள். என்னைக் கண்டதும் அங்கிருந்தே ஒருத்தி கத்திக் கேட்டாள்: "என்னாச்சுண்ணே? முந்தினீகளா?"

மேட்டின் மேல் ஒரே ஒருத்தி நின்றாள். தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஓடாமல் நின்றாள். எல்லா ஒத்திகையிலும் முதல் ஆளாக ஓடுகிறவள்.

காரை நிறுத்திவிட்டு மேட்டில் ஏறினேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஏ புள்ள, வெடிச் சத்தம் கேட்டுச்சுல்ல? அம்புட்டு பேரும் ஓடியிருக்காக. நீ ஏன் ஓடல?"

"ஓடினா யாரு பாக்குறது?" என்றாள். தலையில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. "வலப்பக்கமா முந்தினீக. அந்த டாக்டர் வாயைப் பிளந்துட்டாரு."

"இனிமே இப்படி நிக்காத. கேக்குதா?"

"இனிமே நிக்க மாட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். என்னால் அதற்கு மேல் திட்ட முடியவில்லை.

பாய் காரைச் சுற்றி வந்து, மாவுக்கட்டு இல்லாத கையால் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. டாக்டர் வந்து எனக்குக் கை கொடுத்தார், கையுறையைக் கழற்றாமலே.

திங்கட்கிழமை காலையில் வழக்கம் போல முப்பது பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வெம்பக்கோட்டை ரோட்டில் வைக்கோல் ஏற்றின டிராக்டர் ஒன்று முன்னால் போனது. எதிரே ரோடு காலியாகத்தான் இருந்தது. நான் டிராக்டருக்குப் பின்னாலேயே போனேன். பின் சீட்டிலிருந்து ஒருத்தி ஆரம்பித்தாள்: "அண்ணே, நேத்து என்னமோ முந்தினீகளாமே, இதையும் ஒரு முந்து முந்துறது."

எனக்கு நேர் பின்னாலிருந்து என் பெண்டாட்டியின் குரல் வந்தது.

"சும்மா வாங்கடி. அவுக முந்துனதை நான் பாத்தாச்சு."