முதலில் யாருக்குக் கட்டுவது

போர் நடக்கும் ஒரு நாட்டில், பள்ளிக்கூடத்தையே மருத்துவமனையாக மாற்றியிருந்த இடத்தில் நான் நர்ஸாக வேலை பார்த்தேன். எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்க மாட்டோம்; யார் உயிர் முதலில் போகுமோ அவரைத்தான் முதலில் பார்ப்போம். ஒருநாள் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தவர்கள், நான் தையல் போட்டு முடித்திருந்தவனைக் கட்டிலிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஒருவன் என்னைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தான். அதன் பிறகுதான் விடுப்பில் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் அப்பாவுக்கு லேத் பட்டறை. மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது எதிர்ப் பட்டறை வாசலில் கூச்சல். ஏதோ பழைய பகை. ஒருவன் இன்னொருவனின் வயிற்றில் கத்தியை இறக்கியிருந்தான். குத்தியவனைக் கூட்டம் இரும்புக் குழாயாலும் தகரத்தாலும் தாக்கிக்கொண்டிருந்தது. தகரம் கிழித்த அவன் தொடையிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடித்தது.

குத்துப்பட்டவனின் வயிற்றில் என் துப்பட்டாவை மடித்து வைத்தேன். "விடாம அழுத்திப் புடிங்கப்பா" என்று பின்னால் ஓடிவந்த அப்பாவிடம் சொல்லிவிட்டு, குத்தியவனிடம் ஓடினேன். அவன் பெல்ட்டையே உருவித் தொடையில் இறுக்கினேன்.

குத்துப்பட்டவனின் அண்ணன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். "இன்னாக்கா, குத்துனவனுக்குக் கட்டு போட்டுக்கினு கீற? அங்க என் தம்பி சாவுறான்!"

"இவன விட்டா இப்பவே போயிடுவான்."

அவன் கையிலிருந்த குழாய் என் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பெல்ட்டை விடவில்லை. அடுத்த அடி கீழே கிடந்தவனின் வாயில் விழுந்து பற்கள் தெறித்தன. அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

குத்தியவன் பிழைத்தான். மற்றவன் ஆபரேஷன் நடக்கும்போதே இறந்தான். கத்தி ஈரலைக் கிழித்திருந்தது. என்னை அடித்தவன்மேல் நான் புகார் கொடுக்கவில்லை.

தம்பியின் காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு அவன் எங்கள் வீட்டு கேட்டில் வந்து நின்றான். அம்மா பயந்து கதவைச் சாத்தப் போனார். நான் வெளியே போனேன்.

"நீ மொதல்ல என் தம்பியாண்ட இருந்திருந்தா, அவன் பொழச்சிருப்பானாக்கா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் இருவருக்குமே நிம்மதி.

"தெரியலப்பா," என்றேன். "வெளிய கட்டி நிறுத்துற ரத்தம் இல்ல அது. ஆனா உறுதியா சொல்ல முடியல."

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதான். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, என் தோள்கட்டைப் பார்த்தான்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது."