முத்து என்று பெயர் வைத்தவர்கள்

நாங்கள் குடியேறிய சென்ட் லோரன்டில், கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகம் முடிந்து மகளைக் கூட்டிவர, அம்மாவோடு போயிருந்தேன். ஆசிரியை "பிசெரா!" என்று ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார். முப்பது வருடத்துக்கு முந்திய கோப்பி வாசம் மூக்கில் ஏறியது.

அப்போது மேல்வீட்டில் இருந்த என் பொஸ்னியச் சிநேகிதிக்கும் அதே பெயர். அவளுடைய தாய் சின்னச் செப்புப் பாத்திரத்தில் கோப்பி பொங்கவைத்து, சீனிக்கட்டியோடு தருவார். தாய்மாருக்குப் பொதுப் பாஷை இல்லை. பத்து வயதில் நாங்கள்தான் பிரெஞ்சு வழியாக மொழிபெயர்த்தோம்.

"பிசெரா எண்டால் முத்தாம், அம்மா. இவை முஸ்லிம். ஆனா இது அரபுப் பேரில்லையாம், அவையின்ர ஸ்லாவியப் பாஷைப் பேராம். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ மனுசிதான் வைச்சவவாம். சண்டைக்குள்ள இவையின்ர வீட்டைக் காட்டிக்குடுத்ததும் அவதானாம்."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு முத்து எண்டு ஆர் வைச்சது?" என்று கேட்டேன்.

"மன்னாரில பக்கத்து வீட்டுச் சுபைதா அக்கா."

"அவை இப்ப எங்க?"

"இயக்கப் பெடியள் முஸ்லிம் ஆக்களை ஊரை விட்டுப் போகச் சொல்லிப்போட்டினம். போயிட்டினம்."

"நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"கதவைப் பூட்டிக்கொண்டு உள்ள இருந்தனாங்கள்."

அம்மா என்ன சொல்கிறார் என்று பிசெராவின் தாய் கேட்டார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அம்மாவுக்கு எதுவும் மறப்பதில்லை. போன கிறிஸ்மசுக்கு யார் கேக் அனுப்பவில்லை என்பதுகூட நினைவிருக்கும். இன்றைக்குப் பேத்தியின் சப்பாத்துப் பட்டியைப் பூட்டியபடி, நிமிராமலே கேட்டார்.

"பிசெரா. வடிவான பேர். என்ன கருத்தாம்?"