கரடி கீறிய முகம்

பென்ஷனுக்காக மகள் என் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள். மூன்றாம் முறையும் அது "முகம் பொருந்தவில்லை" என்றது.

என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருந்த கண்ணாடி நினைவுக்கு வந்தது. பலாத்தோப்பில் கரடி என் கன்னத்தைக் கிழித்த பிறகு அப்பாதான் அப்படி மாட்டினார். காயத்துக்குக் கட்டுப்போட, மலைக்கு மாற்றலாகி வந்திருந்த கிறிஸ்தவ நர்ஸம்மா வீட்டுக்கே வருவார்.

ஒருநாள் சொன்னார். "ஆண்டவர் தன்னோட சாயல்லதான் மனுஷனைப் படைச்சார்."

"இந்த மூஞ்சியையுமாங்க?" என்று கேட்டேன்.

"இதையும்தான்."

அவர் போனதும் அப்பா அம்மாவிடம் முணுமுணுத்தார். "நம்ம சாமியே மூஞ்சியில்லாத கல்லு. இந்தம்மா மனசுல என்னமோ வெச்சுக்கிட்டுப் பேசுது. நாளைக்கு அவங்க வேதத்துல சேரச் சொல்லும், பாரு."

நர்ஸம்மா கடைசிவரை அப்படி எதுவுமே கேட்கவில்லை. மாற்றலாகிப் போன அன்று, அப்பா பலாப்பழம் சுமந்து பஸ் வரைக்கும் போனார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. எதுக்குங்க அன்னிக்கு சாயல்னு சொன்னீங்க?"

"உண்மைங்கறதாலதான்."

அன்று சாயங்காலம் அப்பா கண்ணாடியை நேராகத் திருப்பி மாட்டி, நர்ஸம்மா சொன்னதை நம்பாமலே அதில் தன் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூஞ்சியில என்னமோ சரியில்லம்மா" என்றாள் மகள், இன்னும் போனைப் பிடித்தபடி.

"எங்கப்பன் சாயல் கண்ணு இது. கோளாறு போன்லதான் இருக்கும்."