'சிரித்தார்கள்' என்ற கட்டம்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆலங்காயத்தில். எனக்கு அப்போது எழுபத்தொரு வயது. ஒரு சோப்பு கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சோப்பு தயாரிக்கிற வேலை இல்லை. தெருத்தெருவாகப் போய் விளம்பரத்தைக் காட்டி, யாருக்கு எது பிடிக்கிறது என்று படிவத்தில் குறித்துக்கொண்டு வருகிற வேலை. பிற்பாடு அப்படிக் குறிக்கிறவர்களுக்கு மேலாளராக இருந்தேன். இதைக் கேள்விப்பட்டு, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் பிள்ளைகளுக்கு உதவி செய்யக் கூப்பிட்டார்கள். கல்லூரிகளுக்கு இடையே ஒரு போட்டி. மாணவர்களே பாட்டு எழுதி, பாடி, வீடியோ எடுக்க வேண்டும். பார்க்கிறவர்களிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்டு, அதன்படி என்னென்ன மாற்றினோம் என்று ஓர் அறிக்கையும் கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவது பாதிக்குத்தான் நான்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு யாரோ நாற்காலி போட்டு 'சார்' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாட்டை எழுதிப் பாடியவள் ஜவ்வாது மலையிலிருந்து வந்து படித்த ஒரு பெண். இரண்டாம் வருடம். சன்னமான குரல், பேசும்போது பாதி காதில் விழாது. பாடும்போது மட்டும் அந்தக் குரலுக்கு எங்கிருந்தோ ஒரு பலம் வரும். அவளுடைய அப்பா, அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போது, மரம் வெட்டும் வேலைக்கென்று ஒரு மேஸ்திரியோடு ஆந்திரா பக்கம் போனவர். பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று சொல்லவும் ஆள் இல்லை. அன்றிலிருந்து அவளுடைய அம்மா வீட்டுக் கதவைச் சாத்துவதில்லையாம். நிலத்துக்குப் போனாலும் சரி, சந்தைக்குப் போனாலும் சரி, கதவு திறந்தே இருக்கும். அதைத்தான் அந்தப் பெண் பாட்டாக எழுதியிருந்தாள்.

"ஏழு சாமை அறுத்தாச்சி, ஏழு களமும் தூத்தாச்சி, போன ஆளுக்கு வழி தெரியும், வூடு தொறந்தே கெடக்குது, எப்ப வந்தாலும் வா."

பிள்ளைகள் மலைக்குப் போய்ப் படம் எடுத்து வந்தார்கள். முட்டிவலி என்று சொல்லி நான் போகவில்லை. கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். மண் சுவர், திறந்த கதவு, காய்கிற சாமை, நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்து நிற்கிற அவளுடைய அம்மா. அந்த அம்மா நடிக்கவில்லை. தினமும் நிற்கிற மாதிரிதான் நின்றார்களாம். எடிட்டிங் செய்த மாணவன் எனக்கு அதைக் காட்டும்போது மூக்கை உறிஞ்சினான். "தூசி சார்" என்றான்.

எனக்கு அழுகை வரவில்லை. படிவம் தயாரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டைப் பத்துப் பத்து வினாடிகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: 'பார்த்தார்கள்', 'பார்வையை விலக்கினார்கள்', 'தலையாட்டினார்கள்', 'சிரித்தார்கள்'. கேள்வி கேட்டால் மனிதர்கள் பொய் சொல்வார்கள், முகம் பொய் சொல்லாது என்பது சோப்பு விற்ற காலத்தில் நான் நம்பிய பாடம். இன்னொரு பாடமும் உண்டு. எந்த இடத்தில் சிரிக்கிறார்களோ அந்த இடத்தில் சோப்பின் பெயரை வை.

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்ட், ஒரு டெய்லர் கடை, ஒரு பழமுதிர் கடை, கல்லூரி கேன்டீன் என்று ஒரு வாரம் போனோம். போனில் பாட்டைக் காட்டுவோம், நான் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்து டிக் போடுவேன். முடிவு ஒரே மாதிரி வந்தது. "ஏழு சாமை" என்று ஆரம்பிக்கிற வரிகளில் பார்வையை விலக்கினார்கள். "வூடு தொறந்தே கெடக்குது" என்றதும் சிரித்தார்கள். முக்கியமாக ஆண்கள்.

அறிக்கையை நானே எழுதினேன். முதல் மூன்று வரிகளை எடுத்துவிட வேண்டும். 'வூடு' வரும் வரியை மூன்று முறை திருப்பிப் போட வேண்டும். வேகத்தைக் கூட்டி, அடியில் ஒரு பம்பைச் சத்தம் சேர்க்க வேண்டும்.

அந்தப் பெண் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள்.

"சார், அந்தச் சிரிப்பு வேற சார்."

"என்ன வேற?"

அவள் தரையைப் பார்த்தாள். ஒரு பத்தொன்பது வயதுப் பெண் என் வயது மனிதனிடம் அதை எப்படிச் சொல்வாள்? நான் படிவத்தைத் தட்டிக் காட்டி, "சிரிப்புக்கு ஒரு கட்டம்தாம்மா இருக்கு" என்றேன். எடிட்டிங் மாணவன் சிரித்தான். பிறகு நானும் சிரித்தேன்.

மறுநாள் அவள் மறுபடியும் வந்தாள். "அம்மாகிட்ட ஒரு தபா காமிச்சிட்டு வர்றேன் சார். காலைல பஸ்ஸுக்குப் போய்ட்டு மறுநாள் வந்துடுவேன்" என்றாள். அந்த வெள்ளிக்கிழமை வீடியோவை அனுப்பியாக வேண்டும். "மலையில் இருக்கிறவங்க நம்ம டார்கெட் இல்லம்மா. அங்கே சிக்னலே கிடையாது, யார் பார்க்கப்போறாங்க?" என்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவளுடைய மதிப்பெண் பட்டியலில் என் கையெழுத்தும் வேண்டியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வீடியோவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அறிக்கைக்குத் தனியாகப் பாராட்டு. மேடையில் எனக்குச் சால்வை போட்டார்கள். கல்லூரியின் சேனலில் பாட்டு ஏறியது. ஒரு மாதத்துக்குள், மூன்று முறை திரும்பி வரும் அந்த 'வூடு' வரியை மட்டும் வெட்டி ரீல்ஸ் போட ஆரம்பித்தார்கள். முன்னால் இருந்த சாமையும் இல்லை, களமும் இல்லை, போன ஆளும் இல்லை. நிலைப்படியில் ஒரு பெண் நிற்கிறாள், வீடு திறந்து கிடக்கிறது, எப்போது வந்தாலும் வா என்கிறாள். அவ்வளவுதான் மிச்சம். அதற்கு ஆண்கள் கண்ணடித்தார்கள், வேட்டியை மடித்துக் கட்டினார்கள், செருப்பை வாசலில் கழற்றி வைப்பது போல நடித்தார்கள்.

எனக்கு இவை எதுவும் தெரியாது. பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறுகிறது என்பது மட்டும் தெரியும். அதைப் பெருமையாக என் மகளுக்கு போனில் சொன்னேன்.

ஒரு நாள் மத்தியானம் எடிட்டிங் மாணவன் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்தப் பெண் கல்லூரிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது என்றான். அவள் பஸ்ஸில் ஏறினால், "இன்னா, வூடு தொறந்து கெடக்குதா?" என்று பின் சீட்டிலிருந்து குரல் வருமாம். அம்மா புளி விற்கச் சந்தைக்குப் போனால், எடை போடுகிறவனே "எப்ப வேணா வரலாமாக்கா?" என்று கேட்டானாம். சிக்னல் இல்லை என்று நான் சொன்ன மலையில், பிள்ளைகள் பாறை மேல் ஏறி நின்று பாட்டை இறக்கி ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் எங்கிருந்தோ இரண்டு பேர் பைக்கில் வந்து, அந்த வீட்டு வாசலில் நின்று போனில் அதே பாட்டைப் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மா உள்ளே ஓடிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார்களாம். எத்தனையோ வருடங்களில் முதல் தடவையாக.

கல்லூரியில் சொல்லி அன்றைக்கே வீடியோவை சேனலிலிருந்து நீக்க வைத்தேன். நீக்கியது எங்கள் சேனலிலிருந்து மட்டும். மற்ற போன்களிலிருந்து எப்படி நீக்குவது?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை, வயதானவன், இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கிண்டல் தெரியாது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். பஸ் ஸ்டாண்டில் நான் பாட்டைக் காட்டியபோது ஒருவன் இன்னொருவனை முழங்கையால் இடித்து, "அட்ரஸ் கேளுடா" என்றான். என் காதில் நன்றாக விழுந்தது. எனக்கு அர்த்தமும் புரிந்தது. அந்தப் பெண் நாலடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேனாவைத் திறந்து 'சிரித்தார்கள்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எப்படிச் சிரித்தால் என்ன, பாட்டு நினைவில் நின்றால் போதும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மலைக்குப் போனேன். அந்த மாணவன் துணைக்கு வந்தான். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம், இந்த வழியில் ஒருநாள் வந்து போயிருக்கலாமே என்று ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. காலையில் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடுகிற தூரம்.

வீட்டில் யாரும் இல்லை. கம்ப்யூட்டரில் நான் எத்தனையோ தடவை பார்த்த கதவு. அதில் புது நாதாங்கி அடித்து, புதுப் பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் ஒட்டியிருந்த கம்பெனித் தாள்கூட முழுசாகக் கிழிபடவில்லை.

பலா மரத்தடியில் காத்திருந்தோம். அந்த அம்மா நிலத்திலிருந்து வந்தார்கள். முந்தானை முடிச்சில் சாவி இருந்தது. எங்களைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். மாணவனை அடையாளம் கண்ட பிறகுதான் கிட்டே வந்தார்கள். நான் யார் என்று சொன்னேன்.

"பாட்ட மாத்தனது நீங்கதானா சார்?"

"நான்தாம்மா."

"மாத்தறதுக்கு முன்ன எம்பொண்ணு எனக்குப் பாடிக் காமிச்சா. அது நல்லாத்தான் இருந்துச்சி" என்றார்கள். அவ்வளவுதான். திட்டுவார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் என் கையைப் பார்த்தார்கள். தண்ணீர் கொண்டுவரப் பூட்டைத் திறந்து உள்ளே போனார்கள். போனவர்கள் கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டார்கள். சொம்போடு வெளியே வந்ததும் மறுபடி பூட்டினார்கள். நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போதே.

மகளைப் பற்றிக் கேட்டேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம், அங்கேயே ஹாஸ்டலாம். படிப்பு என்று நான் ஆரம்பித்தேன். "அவ இனிமே பாடவே மாட்டேன்றா சார், நீங்க படிப்பக் கேக்குறீங்க" என்றார்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் இல்லை, பொதுவாகக் கேட்பது போலக் கேட்டார்கள்: "நான் நெலத்துல இருக்கறப்ப அவரு வந்துட்டா இன்னா பண்ணுவாரு? வூட்ல யாரும் இல்ல போலன்னு திரும்பிப் போய்டுவாரே."

அந்த மாணவன் திரும்பி நின்றுகொண்டான். இந்த முறை தூசி என்று சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு பல தடவை போன் செய்தேன். ஒரே ஒரு தடவை எடுத்தாள். பின்னால் மெஷின் சத்தம். நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டாள். "பரவால்ல சார். சூப்பர்வைசர் பாக்குறாரு, வெச்சிர்றேன்" என்றாள். அதற்குப் பிறகு அந்த எண் மாறிவிட்டது.

அந்தப் படிவங்கள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. கிழித்துப் போட மனம் வரவில்லை. எல்லா டிக்கும் என் கையால் போட்டவை, கோடு பிசகாமல் அழகாக இருக்கின்றன. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலை தெரியும். அந்தப் பெண்ணின் அப்பா உயிரோடு இருந்து, இன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தால், பூட்டைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கமாக இறங்கிப் போயிருப்பார் என்று நினைக்காமல் எனக்கு ஒரு காலைகூட விடிவதில்லை.